‘அறுங்கள்’ என்று யார் சொல்வது?

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால் எந்தக் காலம் என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஊரிலே நெல் விளைந்த காலம், ராஜாக்களுக்கு வேலை குறைவாக இருந்த காலம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் முத்துவிசய பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் அம்பலக்கூத்தன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவை நாள்தோறும் சிரிக்க வைப்பது அவன் வேலை.

கேட்க நல்ல வேலையாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். ராஜாவுக்குப் பல்வலி என்றால் கூத்தன் வர வேண்டும். பக்கத்து நாட்டிலிருந்து கோபமாக ஓலை வந்தால் கூத்தன் வர வேண்டும். அவனுக்கும் தலை நரைத்து, முழங்கால் பிடித்துக்கொண்டு, படி ஏறும்போதெல்லாம் ‘அப்பாடா’ என்று சொல்லுகிற வயது வந்துவிட்டது. ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்குத் தான் கடைசியாக எப்போது சிரித்தோம் என்பதே மறந்து போயிருந்தது. மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டும் என்று ராஜாவிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். “என் அறுபதாம் கல்யாணம் முடியட்டும், கூத்தா” என்று ராஜா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரண்மனைக் காரியஸ்தர் திருமலைக்கொழுந்து ராஜாவின் காதைக் கடித்தார். கொழுந்துக்குக் கூத்தன் என்றாலே ஆகாது. தான் மணிக்கணக்காகப் பேசினாலும் கொட்டாவி விடுகிற ராஜா, கூத்தன் இருமினாலும் சிரிக்கிறாரே என்கிற வயிற்றெரிச்சல்.

“மகாராஜா, தங்கள் ஜாதகத்தை மூன்று சோதிடர்களிடம் காட்டினேன். அறுபதாம் கல்யாணத்தன்று மகாராணியாருக்குத் தாங்கள் மறுபடி தாலி கட்டும்வரை, தாலிக்கு ஆகாத அந்த ஒரு சொல் தங்கள் ராஜ்யத்தில் எவர் வாயிலும் வரக் கூடாதாம். கயிற்றுக்கும் கழுத்துக்கும் சொல்லுவார்களே, அந்தச் சொல்.”

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எத்தனை பெரிய ராஜாவானாலும் அறுபது வயதில் உயிர் மேல் ஆசை இல்லாமல் இருக்குமா? “அந்தச் சொல்லும், அதன் சாயல் உள்ள எந்தச் சொல்லும் கூடாது. சொன்னவனுக்கு நாக்கு இருக்காது” என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

நான் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்லுவேன்: ‘அறு’. அந்த ராஜா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. அன்றைக்கு இருந்தவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லி மாளாது. தண்டோராக்காரன் தெருமுனையில் நின்று, “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒரு சொல்லை யாரும் சொல்லக் கூடாது” என்று தப்பட்டையை அடித்தான். “எந்தச் சொல்லப்பா?” என்று கூட்டம் கேட்டது. அவன் திருதிருவென்று விழித்தான். கையை அரிவாள்போல வளைத்து இழுத்துக் காட்டினான். “சொறிஞ்சுக்கக் கூடாதாம்டா!” என்று ஒருவன் கத்தினான்.

கிணற்றில் வாளியைப் பறிகொடுத்தவள், “கயிறு… கயிறு… போச்சு” என்று அழுதாள். மரம் அறுக்கிற ஆசாரிகள் கடையைச் சாத்தினார்கள். அரண்மனைச் சமையற்காரன் காய்கறியை வைத்துக்கொண்டு ஆட்களை என்ன சொல்லி ஏவுவது என்று தெரியாமல், எல்லாவற்றையும் முழுசு முழுசாகக் குழம்பில் போட்டான். கல்யாண ஓலையிலேகூட ‘ஐம்பத்தொன்பதுக்கு அடுத்த கல்யாணம்’ என்று எழுதினார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வளவளவென்று பேசுகிறவனைப் பார்த்து “அறுக்காதேடா” என்று சொல்ல வழியில்லாமல் போனதுதான். சபையில் கொழுந்து வாயைத் திறந்தால் மூடுவதில்லை.

இதற்கு நடுவே வயலில் நெல் முற்றிவிட்டது.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதிர் எத்தனைதான் சாய்ந்து கிடந்தாலும், நிலத்துக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று, கிழக்கே பார்த்து, வாய் திறந்து “அறுங்கள்” என்று சொன்னால்தான் ஆட்கள் அரிவாள் வைப்பார்கள். சொல்லாமல் அறுத்தால் அது திருட்டு. அதனால் ஊர் முழுக்க நெல் நின்றது, ஆட்கள் நின்றார்கள், வானத்தில் மேகம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கல்யாண விருந்துக்குப் புது அரிசி ராஜாவின் சொந்த வயலிலிருந்துதான் வர வேண்டும். சபையில் அந்தப் பேச்சு வந்ததும் கொழுந்து எழுந்தார்.

“மகாராஜா! எந்த இக்கட்டுக்கும் விடை வைத்திருக்கும் அம்பலக்கூத்தனாரிடம் இதை ஒப்படையுங்கள். அந்தச் சொல் காதில் விழாமல் அவர் நெல்லை வீடு சேர்க்கட்டும். அவரோ அவருடைய ஆட்களோ வாய் தவறினாலும், நெல் வராமல் போனாலும், உத்தரவில் உள்ள தண்டனை அவருக்கே!”

“அப்படியே ஆகட்டும். என்ன கூத்தா, முடியுமல்லவா?” என்றார் ராஜா.

கூத்தனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்புதான் வந்தது. இத்தனை வருஷம் இந்த நாக்கை வைத்துத்தானே பிழைத்தோம், கடைசியில் இதற்கே வந்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டான். “தங்கள் சித்தம், மகாராஜா. ஒரு வேண்டுகோள். வயல் தங்களுடையது. வழக்கப்படி தாங்களே வரப்புக்கு எழுந்தருள வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

நேராக ராஜாவின் வயலுக்குப் போனான். அங்கே ஆட்களுக்குத் தலைவியான பவளாயி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“பாருங்கய்யா, இன்னைக்கோ நாளைக்கோன்னு மழை நிக்குது. கதிரு படுத்துக் கெடக்கு. ஒரு வார்த்தை சொல்ல நாதியில்ல.”

கூத்தன் வரப்பில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். வயலை ஒட்டினாற்போல ஒரு கொல்லை. ஒரு பக்கம் குலை தள்ளிய வாழை, நடுவே கத்திரி, அதற்கப்பால் பாத்தி பாத்தியாக வெங்காயம். எல்லாம் கண்ணைப் பறிக்கிற செழிப்பு.

“இது யாருது, பவளாயி?”

“நம்ம காரியஸ்தர் கொழுந்தய்யாவுது. ராஜா வாய்க்கா தண்ணியெல்லாம் அங்கதான பாயுது.”

கூத்தனுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் உதட்டோரம் லேசாக அசைந்தது. “பவளாயி, நாளைக்கு ராஜா வருவார். அவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறதோ, அந்த வார்த்தைக்கு உள்ள வேலையை மட்டும் செய்யுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். நீங்கள் யாரும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாயே. என் நாக்கு உங்கள் கையில்.”

“எங்க வாயிலங்கய்யா” என்றாள் பவளாயி.

மறுநாள் காலையில் ராஜா வந்தார், மகாராணி பல்லக்கில் வந்தார், தண்டனையைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் கொழுந்தும் வந்தார். ஆட்கள் அரிவாளும் கையுமாக வரிசை கட்டி நின்றார்கள். ராஜா வரப்பில் நின்று கிழக்கே பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“ம்… ஆகட்டும்” என்றார்.

“என்னத்த ஆகட்டுங்க, சாமி?” என்றாள் பவளாயி.

“அரிவாளைப் போடுங்கள்!”

அத்தனை பேரும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. “எடுங்கள்! எடுத்து வெட்டுங்கள்!” என்று கத்தினார்.

“வெட்டறதுன்னா வாழைதான். ராஜா சொல்லிட்டாரு, வாங்கடி!” என்று பவளாயி ஓடினாள். ராஜா ‘நெல்லை, நெல்லை’ என்று சொல்லி முடிப்பதற்குள் கொழுந்தின் கொல்லையில் வாழை சதக் சதக்கென்று சாய்ந்தது. கொழுந்தின் வாய் பிளந்தது. ஆனால் ராஜா வாக்காயிற்றே, என்ன சொல்ல முடியும்?

“அம்மா, வாழையை யார் சொன்னது? அந்த நெல்லைப் பறியுங்கள்!” என்றார் ராஜா.

பவளாயி மோவாயில் விரலை வைத்தாள். “நெல்லை ஒவ்வொரு மணியா பறிச்சா எங்க பேரப்புள்ளைங்க காலத்துலதான் முடியும். ராஜா கத்திரிக்காயத்தான் மனசுல நெனச்சிருப்பாரு, வாய் தவறிடுச்சு, பாவம். பறிங்கடி!”

கத்திரிச் செடிகள் மொட்டையாயின. ராஜாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று கூத்தன் ஓரக்கண்ணால் பார்த்தான். தலைக்கு மேல் மேகம் உறுமியது. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டான். மழை முந்திக்கொண்டால் நாக்கு போய்விடும்.

“கூத்தா, வேறு என்னதான் சொல்லட்டும்?” என்று ராஜா திரும்பினார்.

“மகாராஜா, நான் வாய் திறந்தால் எனக்கு ஆபத்து. தாங்கள் திறந்தால் கொழுந்தாருக்கு ஆபத்து. தாங்களே தீர்மானியுங்கள். எனக்குக் கால் வலிக்கிறது, உட்காரட்டுமா?”

“எதையாவது செய்து, பிடுங்கித் தொலையுங்கள்!” என்று ராஜா கூவினார்.

“வெங்காயம்!” என்று பத்துக் குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. பாத்தியில் முதல் கொத்து மண்ணோடு மேலே வந்ததும் கொழுந்துக்கு மரியாதை, உத்தரவு, சோதிடம் எல்லாம் பறந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் விழுந்தடித்து ஓடினார்.

“அடிப் பாவிகளா! பிஞ்சுடி, இன்னும் தெரளலடி! என் கொல்லையை விட்டுட்டு அந்த நெல்லை அறுங்கடி! அறுங்க! அறுங்கன்னு சொல்றேன்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வெங்காயமும் கையுமாகப் பவளாயி அப்படியே நின்றாள்.

கூத்தன் வரப்பிலிருந்து மெல்ல எழுந்தான். “மகாராஜா, சொன்னது நானும் இல்லை, என் ஆட்களும் இல்லை. தண்டனையைத் தாங்கள் தங்கள் வாயால் சொன்னால்தானே காவலர்கள் நிறைவேற்றுவார்கள்? சொல்லுங்கள், இவருடைய நாக்கை என்ன செய்ய வேண்டும்?”

“நாக்கை…” என்று ஆரம்பித்த ராஜா நின்றுவிட்டார். கொஞ்சம் யோசித்து, “வெட்ட…” என்றார்.

“வெட்டறதா? இன்னும் ரெண்டு வாழை நிக்குது, வாங்கடி!” என்று பவளாயி கிளம்பினாள்.

அவ்வளவுதான். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் சிரித்தார்கள், பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள். கொழுந்து மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மகாராணி பல்லக்கை விட்டு இறங்கி வந்தார். கழுத்துச் சரட்டை வெளியே எடுத்துக் காட்டினார். “மூன்று தரம் சொன்னார், எல்லோரும் கேட்டோம். இது இங்கேதான் இருக்கிறது. தாங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். நெல் மட்டும் மழையில் போகப் போகிறது.”

ராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “பயமாக இருந்தது, கூத்தா” என்றார். ராஜாவாக இல்லை, அறுபது வயசு மனுஷனாக.

“எனக்கும்தான், மகாராஜா. நாக்கு ஒன்றுதானே இருக்கிறது” என்றான் கூத்தன்.

ராஜா எழுந்து கிழக்கே திரும்பி நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். “அறுங்கள்!” என்றார். கண்ணைத் திறந்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இன்னும் பலமாக, “அட, அறுங்களம்மா! ஊர் முழுக்க அறுக்கச் சொல்லுங்கள்!” என்றார். குலவை கிளம்பியது. அரிவாள்கள் சரசரவென்று இறங்கின. முதல் தூறல் விழுவதற்குள் கட்டுகள் எல்லாம் களத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

கொழுந்தின் நாக்கை அவரிடமே விட்டுவிட்டார்கள். ஆனால் அதை ஒரு வருஷம் சபையில் ஆட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. கூத்தனுக்கு ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டார். “வேறு என்ன வேண்டும், கேள்!” என்றார்.

“தூக்கம் வேண்டும், மகாராஜா. மகள் வீட்டில்.”

“என் கல்யாணத்துக்கு வந்துவிடுவாய் அல்லவா?”

“எழுந்திருந்தால் வருகிறேன்.”

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்து, பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார். கூத்தன் வேண்டாம் என்றுவிட்டு, மகள் ஊர் வழியாகப் போகிற வைக்கோல் வண்டியில் ஏறிக்கொண்டான். மழை விட்டிருந்தது. வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது, கூடவே நடந்துவந்த பவளாயி தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

“அய்யா, வழி தெரியாம போக எதாச்சும் சிரிப்பா சொல்லிட்டு வாங்களேன்.”

மேலேயிருந்து குறட்டைச் சத்தம்தான் வந்தது. பவளாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, மெதுவாக ஓட்டும்படி வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டினாள்.