மேலத்தோப்பா, கீழத்தோப்பா?

வாயில் ஒரு கற்றைத் தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு, வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தது வடிவு என்ற அணில். வலப்பக்கம் போனால் மேலத்தோப்பு. இடப்பக்கம் போனால் கீழத்தோப்பு. நடுவில் ஒரே ஒரு வாய்க்கால்தான். எந்தப் பக்கம் போவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

வடிவும் அதன் கணவன் மாடசாமியும் சாலையோரப் புளியமரத்தில் குடியிருந்தன. சாலையை அகலமாக்குகிறோம் என்று மனிதர்கள் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வடிவுக்கோ வயிற்றில் பிள்ளைகள். இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம். மழைக்காலமும் நெருங்கிவிட்டது. அதற்குள் ஒரு கூடு கட்டியாக வேண்டும்.

"ஏங்க, நீங்களாவது ஒண்ணு சொல்லுங்களேன்!" என்றது வடிவு.

"உனக்கு எது சௌகரியமோ, எனக்கும் அதுதான் சௌகரியம்" என்றது மாடசாமி. அப்படிச் சொல்லிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று அதற்கு நினைப்பு.

சரி, நாலு பேரைக் கேட்டுப் பார்ப்போம் என்று வடிவு புறப்பட்டது. முதலில் கண்ணில் பட்டது காக்கை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு வடிவு? கீழத்தோப்புதான்!" என்றது காக்கை. "பக்கத்துலயே கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்ல எச்சில் இலை மலையாக் குவியும். மேலத்தோப்புல என்ன இருக்கு, சொல்லு! நாவல் பழமும் கொட்டையும். அதைத் தின்னுட்டு யாராவது உயிரோட இருக்க முடியுமா?"

'அடடா, சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லையே' என்று வடிவு கீழத்தோப்புக்கு ஓடியது. அங்கே ஒரு வேப்ப மரத்தில் நாரை வைத்துச் சுற்றத் தொடங்கியது. இரண்டு நாளில் பாதிக் கூடு ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் மரங்கொத்தி வந்தது.

"ஐயையோ, இங்கேயா கட்டுறே? மேலத்தோப்பைப் பார்க்கலையா நீ? அங்கே பட்ட மரம் மட்டும் பதினாறு இருக்கு. தட்டினா உள்ளே எல்லாம் உளுத்து, புழு சும்மா நெளியும்! அந்த மாதிரி இடம் இனிமே கிடைக்காது வடிவு. இப்பவே ஒரு மரத்தைப் பிடிச்சுக்கோ!"

வடிவு நார் சுற்றுவதை நிறுத்திவிட்டது. நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ? கட்டிய நாரையே பிரித்து, வாயில் கவ்வி, வாய்க்காலுக்கு மேலே தொங்கிய கிளை வழியாக மேலத்தோப்புக்குக் கொண்டு போயிற்று. போகிற வழியில் பாதி நார் தண்ணீரில் விழுந்தது. மிச்சத்தை வைத்து அங்கே கால்வாசிக் கூடு கட்டியது.

வாய்க்காலில் இருந்த தவளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏ வடிவு! அந்தக் காய்ஞ்ச மேட்டுக்கா குடி போறே?" என்று தவளை சிரித்தது. "மழை நாள்ல கீழத்தோப்பை வந்து பாரு! தரையே தெரியாது. தண்ணி, தண்ணி, எங்கே பார்த்தாலும் தண்ணி! மேலத்தோப்புல பெய்யிற மழை நிமிஷத்துல வடிஞ்சு போயிடும். அதுவும் ஒரு இடமா?"

'இவர்கள் எல்லாரும் இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தவர்கள். தெரியாமலா சொல்வார்கள்?' என்று நினைத்தது வடிவு. நார் மறுபடியும் கீழத்தோப்புக்குப் போயிற்று. மறுநாள் யாரோ ஏதோ சொல்ல, மேலத்தோப்புக்குத் திரும்பி வந்தது. இப்படியே ஏழு நாள் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் கூடு இல்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நார்தான் இருந்தது.

"பூக் கட்டிப் பார்த்துடலாங்க" என்றது வடிவு. "சாமி சொன்னபடி கேட்போம்."

ஏரிக்கரை அம்மன் கல்லுக்கு முன்னால் போய் இரண்டும் உட்கார்ந்தன. ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கல்லின் முன்னால் போட்டது வடிவு. கண்ணை மூடி, கைகூப்பி, மனசுருகி வேண்டிக்கொண்டது. "தாயே! என் பிள்ளைகளுக்கு எந்த இடம் நல்லது? நீதான் சொல்லணும்."

மாடசாமி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தது. சிவப்புப் பூ.

"சிவப்பு வந்துடுச்சு!" என்று மாடசாமி துள்ளியது. "அப்படின்னா எந்தத் தோப்பு?"

வடிவு திருதிருவென்று விழித்தது. "சிவப்பு... மேலத்தோப்புன்னுதானே நினைச்சேன்? இல்லே, கீழத்தோப்பா? நீங்க என்ன நினைச்சீங்க?"

"நீ மனசுல வச்சிருப்பேன்னு நான் சும்மா இருந்துட்டேன்!"

"ஐயோ, சாமிகிட்ட கேட்கத் தெரிஞ்சுது, கேட்டதை ஞாபகம் வச்சுக்கத் தெரியலையே!" என்று வடிவு அழுதேவிட்டது. அம்மன் கல் பேசாமல் இருந்தது. பாவம், இவர்கள் குழப்பத்துக்கு அது என்ன செய்யும்?

குழப்பம் முற்றினால், யாரிடம் கேட்கிறோம் என்பதே மறந்து போகும். அன்று சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் சாரைப்பாம்பு படுத்திருந்தது. வயிறு நிறைய எதையோ விழுங்கிவிட்டு, அசைய முடியாமல் கிடந்தது. வடிவு உயரமான கிளையில் நின்றுகொண்டு, "அண்ணே, நாலு இடம் போய் வர்றவர் நீங்க. மேலத்தோப்பு நல்லதா, கீழத்தோப்பு நல்லதா?" என்று கேட்டது.

சாரை தலையை மட்டும் தூக்கியது. "மேலத்தோப்பா? அந்தப் பேச்சையே எடுக்காதே தாயி. மரத்துக்கு மரம் அடியில இலந்தை முள்ளும் காரை முள்ளும் மண்டிக் கிடக்கு. ஒருதடவை போய் என் வயிறெல்லாம் கிழிஞ்சு போச்சு. மனுஷன் நுழைவானா அங்கே? கீழத்தோப்புக்கு வந்துடு. சின்னக் குழந்தைங்க நிறைஞ்ச இடம். பொழுது சாய்ஞ்சா நானே வீடு வீடா ஏறி எட்டிப் பார்த்துட்டு வருவேன்."

வடிவு சந்தோஷமாகத் திரும்பி ஓடியது.

"ஏங்க, முடிவாயிடுச்சு! கீழத்தோப்புதான். குழந்தைங்க நிறைய இருக்காம். அக்கம்பக்கத்துல அவ்வளவு அக்கறையாம்! தினமும் வந்து எட்டிப் பார்ப்பாங்களாம்!"

"யாரு எட்டிப் பார்ப்பா?" என்றது மாடசாமி.

"சாரை அண்ணன்."

மாடசாமியின் வால் மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. "வடிவு, அவரு எதுக்கு எட்டிப் பார்க்கறாரு?"

வடிவு வாயைத் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. முன்காலால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மேலத்தோப்பை ஒரு தடவை, கீழத்தோப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "எச்சில் இலை காக்கைக்கு. தேங்கின தண்ணி தவளைக்கு. உளுத்த மரம் மரங்கொத்திக்கு. என் பிள்ளைங்க பாம்புக்கு! எல்லாரும் உண்மையைத்தாங்க சொல்லியிருக்காங்க. நான்தான் அதை எனக்குச் சொன்னதா எடுத்துக்கிட்டேன்."

"அப்போ நமக்கு?"

"நமக்குப் பழம் வேணும், கொட்டை வேணும். தண்ணி தேங்கக் கூடாது. பாம்பு ஏறக் கூடாது." வடிவு எழுந்து நின்றது. "அவங்க வேண்டாம்னு ஏசின இடம்தாங்க நம்ம இடம்!"

அப்போதே மழை தூற ஆரம்பித்துவிட்டது. இரண்டும் மேலத்தோப்புக்கு ஓடின. மரங்கொத்தி காட்டிய பட்ட மரங்கள் பக்கமே வடிவு போகவில்லை. அடியில் முள் மண்டிய, பச்சையாக உறுதியாக நின்ற ஒரு நாவல் மரத்தைத் தேர்ந்தெடுத்தது. மாடசாமி நார் கொண்டு வர, வடிவு சுற்றியது. நார் போதவில்லை. காய்ந்த புல்லையும் தன் வால் மயிரையும் வைத்து அடைத்தது. இரண்டாம் நாள் கூட்டுக்கு வாய் வைத்து முடித்தபோது வலி எடுத்தது. கொட்டுகிற மழையில் மூன்று பிள்ளைகள் பிறந்தன.

கீழத்தோப்பில் தண்ணீர் மரத்தின் இடுப்பு வரை ஏறியது. அங்கே தவளைகள் ராத்திரி பகலாகப் பாடின.

மழை விட்டதும் ஒரு சாயங்காலம் நாவல் மரத்தடியில் சரசரவென்று சத்தம். முள் புதருக்கு வெளியே சாரை தலையைத் தூக்கி நின்றது.

"என்ன தாயி, நான் அவ்வளவு சொல்லியும் இங்கேயா வந்துட்டே?"

"நீங்க சொன்னதாலதான் அண்ணே வந்தேன்!" என்றது வடிவு, மூன்று பிள்ளைகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு. "நல்லா இருங்க!"

சாரை முள்ளைச் சுற்றி ஒரு தடவை போய்ப் பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

குடியிருக்க இடம் தேடும்போது பத்துப் பேரைக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அவர்கள் புகழ்வதும் பழிப்பதும் அவரவர் தேவையை வைத்துத்தான் என்பதை மறக்காமல், நமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.