காரியின் தொழுவத்துக்கு வந்த எல்.இ.டி. பல்பு

கூழைப்பட்டிச் சடையாண்டிக்கு முன்வரிசையில் மிச்சம் இருந்தது மூன்றே பல். மற்றதையெல்லாம் அவனுடைய கறுப்புப் பசு காரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். கருக்கலில் பால் கறக்கப் போவான், இருட்டில் அவள் காலை மிதிப்பான், அவள் ஒன்று கொடுப்பாள். விழுந்த பல்லைத் தேடுவதற்குக்கூட விடியும்வரை காத்துக்கிடக்க வேண்டும், பாவம்.

வருகிற ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு முறுக்கைப் பெண்ணின் அப்பன் முன்பல்லால் கடித்தால்தான் அந்த ஊரில் கல்யாணம் செல்லும். மூன்று பல்லையும் அதுவரை காப்பாற்றியாக வேண்டுமே என்று சடையாண்டிக்குத் தூக்கமே போய்விட்டது.

மச்சினன் ஒச்சப்பனையும் பங்காளி தவசியையும் கூட்டிக்கொண்டு, தொழுவத்துக்கு ஒரு பல்பு வாங்க டவுனுக்குப் போனான். விலையும் குறைவாக இருக்க வேண்டும், கரண்டும் அதிகம் இழுக்கக் கூடாது என்று கேட்டான். கடைக்காரர் பொறுமைசாலி. குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி. போடு என்றார். மாட்டுக்கு எட்டாத உயரத்தில் மாட்டு, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டால் வெளிச்சம் பரவும், சின்ன பல்பே போதும் என்றார். மூவரும் பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள்.

காரிக்கு எவ்வளவு உயரம் எட்டும்? அவளிடமே கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று தென்னை உச்சியில் கட்டினார்கள். அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்காயெல்லாம் பளபளத்தது. தொழுவத்தில் கை வைத்த இடம் தெரியவில்லை. மறுநாள் அரைப்பொழுது நின்று பார்த்து, மாடு மரம் ஏறாது என்று உறுதி செய்துகொண்ட பிறகு பல்பை இறக்கித் தொழுவத்து விட்டத்தில் கட்டினார்கள்.

அடுத்தது வெள்ளையடிப்பு. அங்கேதான் சிக்கல். தொழுவத்துக்குச் சுவரே கிடையாது. நாலு கம்பும் மேலே ஓலையும்தான்.

"இனிமே சுவரு வச்சு எப்ப காயிறது மச்சான்?" என்று ஒச்சப்பன் கவலைப்பட்டான்.

தவசி கண்ணை மூடி யோசித்தான். "சுவருன்னா என்ன? அகலமா இருக்கும், நின்ன எடத்துலயே நிக்கும். தொழுவத்துல அப்பிடி நிக்கிறது யாரு?"

மூவரும் காரியைப் பார்த்தார்கள்.

ஒரு வாளிச் சுண்ணாம்பு, கொம்பிலிருந்து வால்வரை இரண்டு பூச்சு. காரி அசைபோட்டபடி நின்றாள். அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

மறுநாள் கருக்கலில் சடையாண்டி சுவிட்சைப் போட்டான். தொழுவம் கல்யாண வீடுபோல ஜொலித்தது. ஆனால் காரியைக் காணோம். அவள் இடத்தில் எவனுடையதோ ஒரு வெள்ளைப் பசு, அவன் வைத்த தீவனத்தைத் தின்றுகொண்டு நின்றது. அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் மற்ற இருவரும் ஓடி வந்தார்கள்.

"நேத்து நாம வெள்ளையடிச்சமே, அந்த மாடா இருக்குமோ?" என்றான் ஒச்சப்பன்.

"நாம அடிச்சது காரிக்கு. காரி கறுப்பு. இது வெள்ளை," என்றான் தவசி.

ஊரான் மாட்டைக் கறக்கச் சடையாண்டிக்கு மனசு வரவில்லை. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கடைசியில் ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தான்.

"காரின்னா ஒங்கள உதைக்கும் மச்சான். ஊரான் மாட்டுக்கு ஒங்க மேல என்ன கோவம்?"

சடையாண்டி குத்தவைத்து உட்கார்ந்தான். இத்தனை வருஷமும் இருட்டில் தடவித் தடவி மிதித்த கால், இன்று வெளிச்சத்தில் துல்லியமாகத் தெரிந்தது. நன்றாகக் குறி பார்த்து மிதித்தான்.

மூன்றில் ஒரு பல் பறந்தது. சடையாண்டி மல்லாந்து கிடந்தபடியே ஆனந்தக் கண்ணீர் விட்டான். அவனுடைய காரி எங்கும் போகவில்லை. தவசி குனிந்து, சாணத்துக்குப் பக்கத்தில் கிடந்த பல்லை எடுத்து அவன் கையில் வைத்தான்.

சடையாண்டி அதைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"பாத்தியா மாப்ள," என்றான் ஒச்சப்பனிடம், "லைட்டு போட்டது எம்புட்டு நல்லதாப் போச்சு. விழுந்த பல்லு ஒடனே கெடைச்சிருச்சே."