பயிற்சியாளர் நாற்காலி

வெள்ளாந்துறை கால்பந்து அணிக்குப் பழைய பயிற்சியாளர் கிளீட்டஸ் திரும்பி வந்தபோது ஊரில் யாருக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. முன்பு அவரைத் துரத்தியதும் இதே ஊர்தான்.

ரசிகர் சங்கத் தலைவரும் விசைப்படகு முதலாளியுமான தனிஸ்லாஸ் ஒரு நிபந்தனை போட்டார்.

"வெளியே நின்னு நாங்க கத்துறதை எல்லாம் அப்படியே செய்யணும் ஓய். ஒண்ணு தப்பினாலும் வேலை போச்சு."

கத்துபவர்கள் முந்நூறு பேர். ஆளுக்கு ஒன்று கத்துவார்கள்.

கிளீட்டஸ் தலையாட்டினார். "சரிண்ணே. வார ஆட்டத்துல முதல் பாதிக்கு நீங்களே என் நாற்காலியில இருந்து செய்து காட்டுங்க. நான் உங்க இடத்துல இருந்து பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

ஆட்டத்தன்று தனிஸ்லாஸ் சலவை வேட்டியோடு மிடுக்காகப் போய் அமர்ந்தார்.

அந்த நாற்காலியில் இருப்பவரைத் திட்டுவது வெள்ளாந்துறையின் பழக்கம். இருப்பவர் யாரென்று பார்ப்பதில்லை. முதல் பாஸ் தவறியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏறி ஆடச் சொல்லும்!"

"பின்னால வரச் சொல்லும்!"

"மாமா, எழும்பி வீட்டுக்குப் போரும்!" இது அவருடைய சொந்த மருமகன்.

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. தனிஸ்லாஸ் தானாகவே எழுந்து வந்தார். "நீரே போய் இரியும் ஓய். நிபந்தனை ஒண்ணும் வேண்டாம்."

இரண்டாம் பாதியில் நம் ஆள் ஒருவன் காலியாகக் கிடந்த கோலுக்கு மேலே பந்தை அடித்தான். சங்கம் முழுவதும் தலைவர் வாயைப் பார்த்தது. தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார், நாற்காலியைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"இன்னைக்குக் கடல்காத்து கொஞ்சம் கூடுதல்" என்றார்.

ஆமாம் என்றது சங்கம்.