மீன் கடைக்குப் போன மீசைக் காசு

ஒரு காலத்தில் கொற்றனூர்ச் சீமையை மார்த்தாண்டபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் தன் மீசை மேல் அவருக்கு அப்படியொரு மோகம். அந்த மீசை முகத்தைச் செம்பில் பொறித்துப் புதுக் காசு அடித்தார்.

பொக்கிஷத் தலைவர் உலகுடையார் சும்மா இருப்பாரா? மந்திரி சாத்தப்பரை விட ஒரு படி மேலே போகணுமே! "ராஜா முகமாச்சே! கை கழுவித்தான் தொடணும், கண்ணில் ஒற்றித்தான் வாங்கணும், மடியில் முடியவே கூடாது. மீறினால் சவுக்கடி" என்று சட்டம் போடவைத்தார்.

மாசம் ஒன்று போச்சு. சந்தையில் புதுக் காசு ஒன்றுகூடப் புழங்கவில்லை. நெல்லை அளந்து கொடுத்தார்கள், உப்பைக் கொடுத்தார்கள், பழைய காசைக் கொடுத்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள் "கணக்குல வச்சுக்கோ" என்று நழுவினார்கள்.

"என் முகம் அவ்வளவு பிடிக்காமல் போச்சா?" என்றார் ராஜா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பாவம்.

"எல்லாம் மந்திரி தூண்டிவிடுகிற வேலை! சந்தையை இழுத்து மூடி, இவரை நாடு கடத்துங்கள்" என்றார் உலகுடையார்.

"அப்படியே ஆகட்டும்!" என்று ராஜாவும் கத்திவிட்டார்.

சாத்தப்பர் பதறவில்லை. "அதற்கு முன்னால் நாளைக் காலையில் என்னோடு மீன் வாங்க வாருங்கள், மகாராஜா. அப்புறமும் கோபம் தீராவிட்டால் நானே மூட்டை கட்டுகிறேன்."

மறுநாள் ராஜா பல்வலிக்காரர் மாதிரி மீசையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு போனார். மீன்காரி முத்துப்பேச்சியிடம் புதுக் காசை நீட்டினார்.

"ஐயோ, அதை உள்ள வைங்க அண்ணாச்சி!" என்று அவள் அலறினாள். "செதில் கையால தொட்டா சவுக்கடி. ஒவ்வொரு வாட்டியும் கை கழுவிக் கண்ணுல ஒத்திக்கிட்டு நின்னா, மீனைப் பூனை தின்னுரும். நெல்லிருந்தா குடுங்க."

"ராஜாவைப் பிடிக்காதோ?"

"அவருக்கென்ன குறை? மீசைகூட ஜோராத்தான் இருக்கு! அந்தச் சட்டத்தைத்தான் தாங்க முடியல."

துண்டுக்குள் ராஜா முகம் மலர்ந்தது. "கொஞ்சம் இந்தக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள்" என்று சாத்தப்பர் இழுத்தார். "அயிரை மீன் இல்லாமல் ஒருத்தருக்குச் சோறு இறங்காது. ஆளை அனுப்பினால் நம்பிக்கையில்லை, தாமே வருவார்."

வந்தார் உலகுடையார், முக்காடு போட்டுக்கொண்டு! மீனை வாங்கினார், மடியை அவிழ்த்தார், பழைய காசை விட்டெறிந்தார்.

"புதுக் காசு இல்லியா சாமி?" என்றாள் முத்துப்பேச்சி.

"அட போம்மா! அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எவன் நிற்பான்? எனக்கு வேறு வேலை இல்லையா?"

கூடை சரிந்தது. துண்டை அவிழ்த்தபடி ராஜா எழுந்தார். உலகுடையார் கையிலிருந்த மீனெல்லாம் தரையில் கொட்டிவிட்டது.

ராஜாவுக்குக் கோபத்தை விடச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது. "சாத்தப்பரே, நீர் எங்கேயும் போகவேண்டாம். சந்தையும் மூடவேண்டாம். இனி என் முகத்தை எந்தக் கையாலும் தொடலாம், மடியில் முடியலாம், கீழேயும் போடலாம்! உலகுடையாருக்கு மட்டும் பழைய சட்டம்தான். சம்பளம் முழுக்கப் புதுச் செம்புக் காசு. கை கழுவி, ஒவ்வொன்றாக, கண்ணில் ஒற்றி வாங்கட்டும்!"

கொஞ்ச நாளிலேயே ராஜா முகம் ஊரெல்லாம் மீன் வாடையோடு சுற்றியது. ராஜா அதை முகர்ந்து பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். சம்பள நாளில் மட்டும் உலகுடையார் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு காசுக்கும் குனிந்து நிமிர்ந்து கொண்டிருப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரப் போனால் சேவகன் சொல்வான்: "எழுந்திரிங்க சாமி, இன்னும் பாதி மூட்டை இருக்கு!"