காமாலை தூங்கும் இடம்

"மணல் போடுறதா, வெறும் கண்ணாடியா விடுறதா?" என்று திருமேனி கேட்டார்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் பவளமும் மீனும் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இதைக் கேட்டுவிடக் கூடாது. மணல் இல்லாமல் அது என்ன கடல் என்பார்கள் பாதிப் பேர். மணலில் அழுக்கு தங்கித் தண்ணீரைக் கெடுக்கும், அடியில் ஒன்றுமே வேண்டாம் என்பார்கள் மீதிப் பேர். இரண்டு கட்சியும் பேசிப் பேசித் திருமேனியை ஒருவழி ஆக்கியிருந்தன. கடைசியில் அவர் பிலோமினாவிடம் வந்திருந்தார்.

பிலோமினா அவரைவிட இருபது வயது இளையவள். கொளத்தூரில் தன் வீட்டு மாடியில் பவளம் வளர்க்கிறாள். சாகக் கிடக்கும் தொட்டியும் அவள் கை பட்டால் பிழைக்கும் என்று பேர். அதனால் எல்லோரும் பாதி கேலியும் பாதி மரியாதையுமாக அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள்.

குரு பவளத்துக்குத் தீனி கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க யார் தூங்குறாங்க சார்?"

திருமேனிக்கு எரிச்சல் வந்தது. நேராகப் பதில் சொல்லிவிட்டால் குருப் பட்டம் போய்விடும் போல.

அவளுடைய தொட்டியைப் பார்த்தார். அடியில் ஒரு பிடி மணல் இல்லை. கண்ணாடி பளபளவென்று இருந்தது. வாய் சொல்லாததைத் தொட்டி சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் அவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்துகொண்டிருந்தார். போன ஆடியில் அவருடைய ஒரே மகன் விபத்தில் இறந்துபோனான். அவன் சட்டைகளை மடித்து யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. பைக்கைத் தம்பி மகன் எடுத்துப் போனான். அவன் வளர்த்த தொட்டியை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அதையாவது பளிச்சென்று வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் இருந்தது. தலையிலிருந்து வால் வரை மஞ்சள். மகன்தான் அதற்குக் காமாலை என்று பேர் வைத்தான்.

மனைவி சண்பகம் இப்போதெல்லாம் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தாள். தினமும் காலையில் திருமேனி டியூப்லைட்டைப் போட்டுப் போர்வையை விலக்கி, எழுந்திரு என்பார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாயங்காலம் மட்டும் தானாக எழுந்து வந்து காமாலைக்குத் தீனி போடுவாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் பழைய சண்பகமாக இருப்பாள்.

மறுநாள் விடியும் முன்பே, தொட்டியின் விளக்கு தானாக எரிவதற்கு முன்னால், திருமேனி வேலையைத் தொடங்கினார். அரை இருட்டில் ஒரு டப்பாவால் மணலை அள்ளி அள்ளி பக்கெட்டில் போட்டார்.

விளக்கு எரிந்தது. கண்ணாடி பளபளத்தது.

காமாலையைக் காணோம்.

பாறை இடுக்கில் பார்த்தார். வெளியே குதித்துவிட்டதோ என்று சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் இல்லை. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினார்.

"சாயங்காலம் அவ எழுந்து வந்து தேடுவாம்மா. அது ஒண்ணுக்காகத்தான் எழுந்திருக்கிறா. நான் என்ன சொல்லுவேன்?"

மணலை எப்போது எடுத்தீர்கள் என்று பிலோமினா கேட்டாள். சொன்னார். எடுத்த மணல் எங்கே என்று கேட்டாள். பால்கனியில் பக்கெட்டோடு இருக்கிறது, இனிமேல்தான் கழுவ வேண்டும் என்றார். அவள் தண்ணீருக்குள் காற்று விடும் சின்ன மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பக்கெட்டில் மணலுக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நின்றது. பிலோமினா அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் வைத்து, காற்றுக் குழாயைப் போட்டாள். திருமேனி உள்ளே கையை விட்டுத் தோண்டப் போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தோண்டினா அடிபட்டுடும் சார்."

"அப்ப என்ன பண்றது?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை.

உங்கள் தொட்டியில் மணலே கிடையாதே என்று குற்றம் சாட்டுவது போலக் கேட்டார்.

"என்னோடதுங்க பாறை இடுக்குல தூங்கும். இது மணலுக்குள்ள போய் மூடிக்கிட்டுத் தூங்கும். பயந்தாலும் அப்படித்தான்."

திருமேனி பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் முன் அந்த டப்பாவால் எவ்வளவு வேகமாக அள்ளினோம் என்று நினைத்தார்.

"உயிரோட இருக்குமா?"

"தெரியல சார்."

"எவ்வளவு நேரம் உக்காரணும்?"

"அதுக்குப் பயம் தெளியுற வரைக்கும்."

வந்தவளுக்கு ஒரு காபி கொடுக்க வேண்டும் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. குழாயிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஜன்னல் வெயில் சோபாவை விட்டுத் தரைக்கு இறங்கியது.

மணல் லேசாக அசைந்தது.

முதலில் ஒரு மஞ்சள் மூக்கு. பிறகு ஒரு கண். அது இப்படியும் அப்படியும் உருண்டு இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு மெதுவாக முழு உடம்பும் மேலே வந்தது.

மகனைக் கொண்டுபோன நாளில், எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த திருமேனி, இப்போது பக்கெட் முன்னால் உட்கார்ந்து அழுதார். பிலோமினா ஒரு கிண்ணத்தால் மீனைப் பதமாக எடுத்துத் தொட்டிக்குள் விட்டாள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் போட்டு முடித்தார். அதற்குப் பிறகுதான் அன்றைக்குச் சண்பகத்தை எழுப்பவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அறை இருட்டாக இருந்தது. கட்டிலில் போர்வை அசையாமல் கிடந்தது. பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போயிற்று.

அங்கேயே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, சத்தம் போடாமல் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன், லைட்டைப் போடலையா?"

"வேணாம். நீ படுத்திரு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."