உப்புக் கரித்த மல்லிகை

ஒரு காலத்தில், மேகம் தெருவில் இறங்கி நடந்த ஒரு நாட்டில், நீலகேது என்றொரு அரண்மனை மந்திரவாதி இருந்தான். சபையில் தேன் பேச்சு. வீட்டில் அடி.

பெண்டாட்டி அமிர்தவடிவு வாயைத் திறந்தால் குரல் வராது, மல்லிகைப்பூ வரும். அவன் போட்ட மந்திரம். அழுதாலும் பூ, கத்தினாலும் பூ. அது ஜன்னல் வழியே மிதந்து தெருவில் இறங்கும். ஜனங்கள் மடியேந்தி நிற்பார்கள்.

"கொடுத்துவைத்த வீடு!" என்பார்கள்.

முதல் நாள் காவலனைக் கூப்பிட்டாள். பூ விழுந்தது. தலைப்பாகையில் செருகிக்கொண்டு போனான். இரண்டாம் நாள் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பூ விழுந்தது. கொண்டையில் வைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் யாரையும் கூப்பிடவில்லை. சும்மா அழுதாள்.

ஜன்னலடியில் பூக்காரி பிச்சம்மா அந்தப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நாரைப் பல்லில் கடித்தவள் தூவென்று துப்பினாள்.

"முப்பது வருஷமா பூக் கட்டறேன். உப்புக் கரிக்கிற பூவைப் பார்த்ததில்லை." நிமிர்ந்தாள். "ஏம்மா, அழுறியா?"

பொலபொலவென்று பூ.

"இப்படிக் கொட்டினா என்னத்தைப் புரிஞ்சுக்கறது? ஆமான்னா ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு. அடிக்கிறானா?"

ஒரு பூ.

"வெளியே சொல்லக் கூடாதுன்னானா?"

ஒரு பூ.

"தப்பு உன் மேலதானா?"

ஒரு பூ. கல்யாணமான ஐந்து வருஷமாக அமிர்தவடிவு அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"முதல் ரெண்டையும் நம்பறேன்," என்றாள் பிச்சம்மா. "மூணாவதை நம்பமாட்டேன், போ."

அவ்வளவுதான். மந்திரம் அறுந்தது. அவளை ஒருவர் நம்பும் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். ஜன்னலில் குரல் கரகரத்தது.

"குழம்புல உப்பு கூடிப்போச்சுக்கா..."

"கூடினா தண்ணி ஊத்துவாங்க. கை ஓங்கறது எந்த ஊர்ச் சமையல்? எங்க வீட்டுக்கு வர்றியா?"

"கால் நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நான் இங்கேதான் இருப்பேன்."

மூன்று கூடைப் பூ கட்டி முடிந்தது. அப்புறம்தான் கதவு திறந்தது.

சாயங்காலம் நீலகேது பிச்சம்மா வாசலுக்கு வந்தான். "கண்ணே, வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அறுந்த மந்திரம் அவன் மேலேயே திரும்பியிருந்தது. "வெளியே வாடி, கொன்னுடுவேன்!" என்று மனசில் இருந்ததே வந்தது. தெருவே கேட்டது. காவலன் தலைப்பாகைப் பூவைப் பிடுங்கி எறிந்தான். நீலகேதுவின் கையைப் பிடித்து முறுக்கிக் கொண்டுபோனான்.

உள்ளே பிச்சம்மா ஏதோ கேலி சொன்னாள். அமிர்தவடிவு சிரித்துவிட்டாள். சட்டென்று இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு பூவும் இல்லை.

கதை அவ்வளவுதான். எழுந்து போங்கள். போகிற வழியில் ஜன்னல்களைப் பாருங்கள்.