ஏரிக்கரையை அடைத்த நீர்நாய்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. பெருமழையில் அதன் கரை உடைந்து, தண்ணீரெல்லாம் ஓடிப்போயிற்று. ஆழமான தென்மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்கி நின்றது. அங்கே அல்லி என்ற நீர்நாய் தன் குட்டிகளோடு வசித்தது.

"அடுத்த மழைக்குள் கரையை அடைக்காவிட்டால் என் பிள்ளைகள் பிழைக்காது. காடும் தாகத்தில் தவிக்கும்" என்று எண்ணிய அல்லி, விலங்குகளைக் கூட்டியது.

"வடக்கிலிருந்து நான் மண் அணைத்து வருகிறேன்!" என்றது காட்டுப்பன்றி.

"தெற்கிலிருந்து என் கூட்டம் கல் அடுக்கி வரும்!" என்றது மந்தி.

"நல்லது! தினமும் காலையில் இங்கே கூடிப் பேசிவிட்டு வேலைக்குப் போவோம்" என்றது அல்லி.

ஆனால் பன்றி ஏரியைச் சுற்றி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். திரும்பிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மந்திகளோ கூடிய இடத்திலேயே பேன் பார்க்க உட்கார்ந்துவிடும். பேச்சு வளர்ந்தது, கரை வளரவில்லை.

அந்தக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி உண்டு. யார் பேசினாலும் அதே குரலில் பேசிக் காட்டும்.

"எதற்கு இந்த அலைச்சல்? அவரவர் இடத்தில் இருந்தே வேலை பாருங்கள். உங்கள் பேச்சை நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்!" என்றது அது.

எல்லோருக்கும் மகிழ்ச்சி! அன்று முதல் வேலை மளமளவென்று நடந்தது. "உடைப்பருகே நிற்கும் மருத மரத்தைக் குறிவைத்துக் கட்டி வாருங்கள்" என்று அல்லி சொல்லியனுப்பியது. "அப்படியே ஆகட்டும்!" என்று இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. அல்லியும் நிம்மதியாக மீன் பிடிக்கப் போய்விட்டது.

சில நாள் கழித்துக் கரிச்சான் படபடத்து வந்தது. மந்தியின் குரலில் கத்தியது: "பன்றி கோணலாகக் கட்டுகிறது! ஆமைபோல நகர்கிறது! சோம்பேறி!"

"ஐயோ! இதைப் பன்றியிடமும் சொல்லிவிட்டாயா?"

"ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்' என்று பாறை தாண்டித் தன் புதருக்குப் போய்விட்டது."

அல்லி ஓடிப்போய்ப் பார்த்தது. உடைப்பின் நடுவே இரண்டு கரைகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிக் கிடந்தன. அப்போதுதான் புரிந்தது. அங்கே இருந்தவை இரண்டு மருத மரங்கள்! ஆளுக்கொன்றைக் குறிவைத்திருந்தார்கள்.

'நான் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாமே!' என்று அல்லியின் மனம் அடித்துக்கொண்டது.

"பன்றிக்கு என்ன சொல்லட்டும்?" என்றது கரிச்சான்.

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே போகிறேன்."

நீரில் வாழும் பிராணி அது. உச்சி வெயிலில் கொதிக்கும் பாறைமேல் நடந்தது. பாதம் கொப்பளித்தது. ஆனாலும் நிற்கவில்லை.

புதருக்குள் பன்றி முன்னங்காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. கால் வீங்கி, உள்ளே கருவேல முள் ஒன்று புதைந்திருந்தது.

"அண்ணே! இந்தக் காலோடா மண் தோண்டினீர்கள்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யார் கேட்டார்கள்? எவ்வளவு மண் போட்டாய் என்று மட்டும்தானே கேட்டீர்கள்" என்றது பன்றி. ஆனால் அல்லியின் கொப்பளித்த பாதங்களைக் கண்டதும் அதன் கோபம் இறங்கிவிட்டது. நொண்டியபடியே அல்லியோடு கிளம்பியது.

உடைப்பருகே பன்றியின் காலைப் பார்த்த மந்திக்குத் தலை கவிழ்ந்தது. "தெரியாமல் பேசிவிட்டேன், அண்ணே. காலைக் கொடுங்கள்!" என்று முள்ளைப் பக்குவமாகப் பிடுங்கி எடுத்தது.

பிறகு மூவரும் சேற்றில் இறங்கி, ஒரே மரத்தைத் தொட்டுக் காட்டி முடிவு செய்தார்கள். கோணிப்போன பகுதியைச் சேர்ந்தே இடித்துத் திருப்பினார்கள்.

"கல் போதுமா, மண் வேண்டுமா என்பதையெல்லாம் கரிச்சான் சொல்லட்டும், அதுபோல வேகமாக யாரால் முடியும்? ஆனால் கரை திரும்பும் இடத்தில் எல்லோரும் நேரில் நிற்போம். யாருக்காவது மனம் கோணினாலும் நேரில் வந்துவிடுவோம்" என்றது அல்லி.

அப்படியே செய்தார்கள். கரை ஒன்றுசேர்ந்த சில நாளில் மழை கொட்டியது. வெள்ளம் வந்து மோதியது; கரை அசையவில்லை. ஏரி ததும்ப, குட்டிகள் குதித்து நீந்தின. காடே அல்லியைக் கொண்டாடியது.

சேர்ந்து செய்யும் வேலையில், சொன்னால் போதுமானதைத் தூரத்திலிருந்தே சொல்லலாம்; கண்ணால் பார்த்து மனத்தால் அறிய வேண்டியதற்கு நேரில்தான் போக வேண்டும்.